பையை நிறுத்தியதற்கு மெமோ: தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் ஒரு மருத்துவமனை மருந்தாளுநர். கீழ்த்தளத்தில் சீட்டு வாங்கி மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் என்னைப் பார்க்க முடியாது. உள்ளே, தொப்பி, முகமூடி, கவுன், இரண்டு ஜோடி கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, ஹூட்டுக்குள், அதாவது சுத்தமான காற்று வீசும் பெட்டிக்குள், கையை நீட்டி ஊசி மருந்து கலக்குகிற ஆள். கீமோ மருந்துகள், வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் டிபிஎன் பைகள், இவைதான் என் அன்றாட வேலை. 19 வருடமாகிறது, இதற்குள் மூன்று மருத்துவமனை மாறிவிட்டேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. சொல்லாவிட்டாலும் உங்கள் ஒவ்வொருவருக்கும் பக்கத்துத் தெரு மருத்துவமனைதான் ஞாபகத்துக்கு வரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதக் காலை. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்காக மூன்று டிபிஎன் பை கலக்கிக்கொண்டிருந்தோம். முதல் பை பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுத்தது, விளக்கு வந்தது, ஹூட்டின் விசிறியும் ஓடியது. வேலை தொடர்ந்தது. மூன்றாவது பைக்கு லேபிள் ஒட்டும்போதுதான் சுவரில் இருந்த அழுத்தமானியைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது. அறைக்குச் சுத்தமான காற்றைத் தள்ளுகிற பெரிய இயந்திரம், ஏஹெச்யு என்போம், ஜெனரேட்டர் லைனில் இல்லை. யாரோ எப்போதோ லோடு அதிகம் என்று கழற்றிவிட்டிருக்கிறார்கள்.

அறைக்குள் அழுத்தம் கூடுதலாக இருந்தால் கதவைத் திறக்கும்போது காற்று வெளியே போகும். அழுத்தம் இல்லையென்றால் வராந்தாக் காற்று உள்ளே வரும். அவ்வளவுதான் இதில் இருக்கும் விஞ்ஞானம். நான் மூன்று பையையும் அனுப்ப மறுத்தேன். குழந்தைகள் சாயங்காலம் வரை வெறும் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில் இருந்தார்கள். டாக்டர் போனில் கத்தினார். அவர் கோபம் நியாயமானது. அப்புறம் மேனேஜர் கூப்பிட்டார்.

“பையில ஏதாவது தெரியுதா?”

“தெரியலை சார்.”

“அப்புறம் என்ன?”

மறுநாள் பொருள் விரயம், சிகிச்சைத் தாமதம் என்று இரண்டு காரணம் போட்டு மெமோ வந்தது. அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மடல்தான் அந்த “அப்புறம் என்ன”வுக்கு நான் தரும் பதில்.

ஒரு பையில் கிருமி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொழுப்புச் சத்து சேர்த்த டிபிஎன் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து சுண்ணாம்பு போலப் படிந்தால்கூடத் தெரியாது. அப்படிப் படிந்து இரண்டு பேர் இறந்த பிறகு 1994-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அதாவது எஃப்டிஏ, எச்சரிக்கை வெளியிட்டது. பொடியாக விழுவதே கண்ணுக்குத் தெரியாதபோது கிருமி எங்கே தெரியப்போகிறது?

சரி, பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பலாமே என்பீர்கள். கிருமியின்மைச் சோதனைக்கு 14 நாள் ஆகும். குழந்தை இன்றைக்குச் சாப்பிட வேண்டும். அது போகட்டும், கணக்கே நம் பக்கம் இல்லை. ஒரு தொகுதியில் நூற்றுக்கு ஒரு குப்பி கெட்டுப்போயிருக்கிறது என்று வையுங்கள். அதில் 20 குப்பியை எடுத்துச் சோதித்தால், கெட்டது ஒன்றுகூடக் கையில் சிக்காமல் போக 82 சதவீத வாய்ப்பு இருக்கிறது. “சோதித்தோம், பாஸ்” என்கிற தாளுக்கு மதிப்பு அவ்வளவுதான். அதனால்தான் எங்கள் வேலையில் தரக்கட்டுப்பாடு என்பது முழுக்க முழுக்கக் கலக்கும்போது நடப்பது. காற்று, கை, அறை, நேரம் என்ற இந்த நான்கில் ஒன்று சரியில்லை என்று தெரிந்தால் பை போகக்கூடாது. பையில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஊரின் கதை இருக்கிறது. 2012 செப்டம்பர் 18. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில்லில் இருக்கும் வாண்டர்பில்ட் மருத்துவமனை மருத்துவர் ஒருவர் மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுக்கிறார். முதுகுவலிக்காகத் தண்டுவடத்தை ஒட்டி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு மூளைக்காய்ச்சல், காரணம் பூஞ்சை. பெரிய நோய் என்று எதுவும் இல்லாத மனிதருக்குப் பூஞ்சை மூளை வரை போகிறது என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். தேடிக்கொண்டே போனால், எல்லா நூலும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாமில் இருந்த நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்ற ஒரே மருந்தகத்தில் போய் முடிகிறது. அவர்கள் கலந்து விற்ற மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டு குப்பிகள், பிரிசர்வேட்டிவ் சேர்க்காதவை, மூன்று தொகுதிகளில் 17,000-க்கும் மேல், 23 மாநிலங்களுக்குப் போயிருந்தன. ஏறக்குறைய 14,000 பேருக்கு ஊசி போட்டாகிவிட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 753 பேர் நோயில் விழுந்தார்கள், 64 பேர் இறந்தார்கள். ஆய்வகத்தில் உறுதியானவர்களில் பெரும்பாலானவர்களிடம் கண்டது எக்ஸெரோஹிலம் என்ற பூஞ்சை. புல்லிலும் மண்ணிலும் வாழ்வது, மனிதரிடம் வருவது அபூர்வம்.

ஆய்வாளர்கள் உள்ளே போய்ப் பார்த்தபோது ஒரு தொகுதியில் 321 குப்பிகளில் 83-ல் பச்சையும் கறுப்புமாக ஏதோ மிதந்தது. 50 குப்பியைச் சோதித்தார்கள். 50-லும் கிருமி வளர்ந்தது. இதெல்லாம் செய்தியாக வந்தது, படித்திருப்பீர்கள். என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. அந்த மருந்தகம் தன் சுத்த அறையில் மேசையையும் கையையும் காற்றையும் முறையாகச் சாம்பிள் எடுத்துவந்திருக்கிறது. அந்த வருடம் ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை எல்லை மீறிப் பூஞ்சையும் பாக்டீரியாவும் வருகின்றன என்று அவர்களுடைய ரிப்போர்ட்டே சொல்லிக்கொண்டிருந்தது. சாம்பிள் எடுத்தார்கள், ரிப்போர்ட் வந்தது, ஃபைலில் போட்டார்கள். உற்பத்தி நிற்கவில்லை. கரண்டு செலவுக்காகவோ என்னவோ, இரவு 8 மணியிலிருந்து காலை 5.30 வரை சுத்த அறையின் ஏசியை அணைத்து வைத்திருக்கிறார்கள். என் அழுத்தமானி முள் ஞாபகம் வருகிறதா? கிருமியின்மைச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே குப்பிகள் பெட்டியில் ஏறிவிட்டன. சுத்தம் செய்யாமலே சுத்தம் செய்ததாகப் பதிவேட்டில் எழுதவைத்தார்கள் என்பது வழக்கில் வெளிவந்தது.

அங்கே யாருக்கும் மருந்துக் கலவை தெரியாது என்று சொல்ல முடியாது. படித்த மருந்தாளுநர்கள்தான். ஹூட் இருந்தது, அறை இருந்தது, ஃபைல் இருந்தது. தலைமை மருந்தாளுநர் பாரி காடன்தான் நிறுவனத்தின் தலைவர், உரிமையாளர்களில் ஒருவரும் அவர்தான். அதாவது நிறுத்த வேண்டியவரும் விற்க வேண்டியவரும் ஒரே ஆள். 2017-ல் அவரும் சுத்த அறையை மேற்பார்த்த க்ளென் சின்னும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அந்த நிறுவனத்துக்கு எஃப்டிஏ 2006-லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது என்பது தனிக் கதை. அதில் கண்டித்த விஷயங்களில் ஒன்று, அவாஸ்டின் மருந்தைச் சின்னச் சின்ன சிரிஞ்சுகளில் பிரித்து நிரப்பி விற்றது.

அவாஸ்டின் என்றதும் உங்களில் கண் மருத்துவமனை நடத்துபவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். புற்றுநோய்க்கு வந்த மருந்து. 4 மில்லி குப்பியில் 100 மில்லிகிராம். கண்ணுக்குத் தேவை 0.05 மில்லி. ஒரு குப்பியிலிருந்து பல பேருக்குப் பிரித்துப் போடலாம் என்பதால்தான் நம் ஊரில் எத்தனையோ ஏழை சர்க்கரை நோயாளிகளுக்குப் பார்வை மிஞ்சியிருக்கிறது. அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்பவன் நான் இல்லை. ஆனால் அந்தப் பிரித்தல் எங்கே நடக்கிறது, யார் செய்கிறார், காலையில் குத்திய குப்பியை மாலையில் மறுபடி குத்துகிறார்களா? 2016 ஜனவரியில் குஜராத்தில் இந்த ஊசிக்குப் பிறகு சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டபோது, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விட்டது. ஒரு குப்பியில் ஒரு தப்பு நடந்தால் அன்றைக்கு வரிசையில் உட்கார்ந்த அத்தனை கண்ணுக்கும் அது போகும். தனித்தனியாகக் குத்தும்போது ஒருவருக்கு வரும் ஆபத்து, பிரித்து நிரப்பும்போது வரிசைக்கே வருகிறது.

அலபாமாவில் 2011-ல் டிபிஎன் பைகளால் 19 பேருக்கு ரத்தத்தில் கிருமி ஏறியது, 9 பேர் இறந்தார்கள். ஆறு மருத்துவமனைகள், பை வந்தது ஒரே மருந்தகத்திலிருந்து. அமினோ அமிலப் பொடியை அங்கேயே கலந்திருக்கிறார்கள். கிருமி அகப்பட்ட இடங்களில் ஒன்று தண்ணீர்க் குழாய்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நம்மிடம் அவ்வளவு பெரிய கலவைக் கம்பெனிகள் எங்கே இருக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. நம்மிடம் கலவை நடப்பது கம்பெனியில் இல்லை, வார்டில். மருந்து ஆலைக்கு ஷெட்யூல் எம் என்ற தயாரிப்புத் தர விதிகள் இருக்கின்றன. அவற்றை 2023 இறுதியில் திருத்தி இறுக்கியும் ஆகிவிட்டது. அந்தச் சட்டம் ஆலையின் வாசலோடு நின்றுவிடும். அங்கே அத்தனை கட்டுப்பாட்டோடு தயாரான குப்பி, உங்கள் மூன்றாவது மாடி நர்சிங் ஸ்டேஷனில், கை கழுவும் பேசினுக்குப் பக்கத்தில், சுழலும் ஃபேனுக்கு நேர் கீழே திறக்கப்படுகிறது.

காலை ஆறு மணிக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். இரவு டியூட்டி முடியும் நேரம். ஒரு சிஸ்டர், இருபது பேருக்கு ஆன்டிபயாடிக். ஒரு ஸ்டீல் ட்ரேயில் குப்பிகளை வரிசையாக நிறுத்தி, மூடிகளை மொத்தமாகத் தட்டிவிட்டு, ஒரே பஞ்சால் எல்லாவற்றையும் துடைப்பார். ஸ்பிரிட் காய நேரம் கொடுக்க முடியாது. பக்கத்தில் ஸ்டாண்டில் ஒரு என்எஸ், அதாவது உப்புக் கரைசல், பாட்டில் தொங்கும். அதன் ரப்பரில் ஓர் ஊசி நட்டுவைத்தபடியே இருக்கும். சிரிஞ்சை மாட்டி 10 மில்லி இழுத்துக் குப்பியில் விட்டுக் குலுக்குவார். அடுத்த குப்பி. மறுபடி அதே ஊசி, அதே பாட்டில். அந்த ஊசி காலையில் குத்தினால் இரவு வரை அப்படியே நிற்கும். ஊசி நட்ட பாட்டில் மூடி திறந்த பாட்டில்தான். நல்ல தீனி கிடைத்தால், அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் கிருமி ஒன்று 10 மணி நேரத்தில் 10 லட்சத்தைத் தாண்டிவிடும்.

ஒருமுறை அப்படி ஒரு பாட்டிலைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டேன். அந்த சிஸ்டர் என்னைவிடச் சீனியர். அமைதியாகச் சொன்னார்: “சார், ஒரு டோஸுக்கு ஒரு ஆம்பியூல் தண்ணி உடைச்சா பில்லுல அத்தனை வரி ஏறும். பேஷன்ட் வீட்டுக்காரங்க ‘தண்ணிக்கு எதுக்குங்க காசு’ன்னு என்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க. உங்ககிட்ட இல்லை.”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? அந்த பாட்டிலை அங்கே தொங்கவிட்டது சிஸ்டர் இல்லை, உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர். மருந்தைக் கரைக்கும் தண்ணீரைத் தனி வரியாகப் பில் போடாமல் வார்டுச் செலவில் சேர்த்துவிட்டால், பாதி வார்டுகளில் அந்த ஊசி மறுநாளே காணாமல் போய்விடும். 19 வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒரே தொற்றுத் தடுப்பு உத்தி இது. காப்புரிமை வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோராலும் சுத்த அறை கட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். முப்பது படுக்கை மருத்துவமனைக்கு காற்றை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டரும் ஏஹெச்யுவும் போடச் சொல்வது பேச்சுக்கு நன்றாக இருக்கும். கிருமியில்லாமல் மருந்து கலப்பதற்கான அமெரிக்காவின் யூஎஸ்பி 797 விதிகள்கூட வார்டுக் கலவைக்கு அப்படிக் கேட்கவில்லை. 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வார்டில் உடனே போடுவதற்கென்று கலக்கும் மருந்தில் மூன்றுக்கு மேல் வெவ்வேறு கிருமியற்ற தயாரிப்புகள் சேரக்கூடாது. கலக்கத் தொடங்கியதிலிருந்து 4 மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கிவிட வேண்டும். கலப்பவருக்குப் பயிற்சி இருக்க வேண்டும். காலையில் மொத்தமாகக் கரைத்து மதியத்துக்கும் எடுத்துவைக்கும் பழக்கம் இந்த ஒரு விதியில் அடிபட்டுப்போகும். நமக்கு வேண்டியது கலந்த நேரத்தை எழுத ஒரு மார்க்கர் பேனா, ஒரு கடிகாரம்.

பயிற்சி என்றால் ஆடிட்டோரியத்தில் பவர்பாயின்ட் போட்டுக் கையெழுத்து வாங்குவதைச் சொல்லவில்லை. மீடியா ஃபில் என்று ஒன்று இருக்கிறது. மருந்துக்குப் பதில் கிருமி நன்றாக வளரும் சத்துக் கரைசலைக் கொடுத்து, வழக்கமாகக் கலக்குவதைப் போலவே கலக்கச் சொல்வார்கள். அந்தப் பையை 14 நாள் வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். தெளிவாக இருந்தால் பாஸ். என்னுடைய முதல் பை ஐந்தாம் நாள் கலங்கிவிட்டது. கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவன் நான், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கே தப்பு என்று சீனியரோடு உட்கார்ந்து யோசித்ததில், குப்பியின் ரப்பருக்கும் ஹூட்டிலிருந்து வரும் சுத்தக் காற்றுக்கும் நடுவே என் இடது கை ஒவ்வொரு தடவையும் குறுக்கே போயிருக்கிறது. கையுறைக்குள் இருந்தாலும் கை, கைதான். அந்தக் கலங்கிய பையை ஒருமுறை பார்த்தவன் அப்புறம் கையைக் குறுக்கே கொண்டுபோகமாட்டான். உங்கள் மருத்துவமனையில் கீமோவும் டிபிஎன்னும் கலக்குகிறவர்கள் கடைசியாக எப்போது இந்தச் சோதனை செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். யூஎஸ்பி சொல்வது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மருத்துவமனைக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஹெச் ஆய்வுக்கு முந்தின வாரம் என்று பதில் வந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

இதையெல்லாம் செய்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. மீடியா ஃபில் பாஸ் ஆகலாம், அழுத்தமானி சுவரில் இருக்கலாம், பதிவேட்டில் தேதிவாரியாக எழுதி வைக்கலாம். முள் பூஜ்யத்துக்குப் போகும் அன்றைக்கு, வேலையை நிறுத்துகிற ஆளுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? ஃபிரேமிங்ஹாமில் இல்லாமல் போனது அப்படி நிறுத்துகிற ஆள்தான்.

2006-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இரண்டு வயதுக் குழந்தைக்குக் கடைசி கீமோ. மருந்தைக் கரைக்க 0.9 சதவீத உப்புக் கரைசலுக்குப் பதில் 23.4 சதவீதக் கரைசலில் பை தயாரானது, குழந்தை இறந்தது. கலக்கியவர் டெக்னீஷியன், பார்த்து அனுப்பியவர் மருந்தாளுநர். மருந்தாளுநர் சிறைக்குப் போனார். அன்று காலை கம்ப்யூட்டர் இயங்கவில்லை, வேலை தேங்கிக் கிடந்தது, ஆள் போதவில்லை, பை சீக்கிரம் வேண்டும் என்று போன் வந்தது. உண்மையில் அந்தப் பை தேவைப்பட்டது சில மணி நேரம் கழித்துத்தான். நான் அந்த வழக்கைப் படித்த நாளிலிருந்து, அவசரம் என்று போன் வரும்போதெல்லாம் “எத்தனை மணிக்கு ஏத்தணும் சிஸ்டர்?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பாதி நேரம் “மத்தியானம்தான் சார்” என்று பதில் வரும்.

என் மூன்று பைக்கு வருகிறேன். அவற்றில் கிருமி இருந்திருக்குமா? பெரும்பாலும் இருந்திருக்காது. ஹூட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பத்துத் தடவை அனுப்பியிருந்தால் பத்துத் தடவையும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். மேனேஜர் மெமோ எழுதியதற்குக் காரணமே அதுதான். நிறுத்தியதால் ஆன நஷ்டம் அன்று சாயங்காலமே கணக்கில் வந்தது. தடுத்தது எதுவும் எந்தக் கணக்கிலும் வராது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் நேராக ஏறுகிற திரவம் அது என்பதைத் தவிர அன்று என் பக்கம் எந்த ஆதாரமும் இல்லை. அந்த மெமோவுக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? என்னோடு வேலை பார்த்த இரண்டு பிள்ளைகளும் அழுத்தமானியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பதிவேட்டில் மட்டும் தினமும் ஒரே எண் விழுந்தது. பார்த்தால்தானே நிறுத்த வேண்டும்.

நான் கேட்பது ஒரு தாள். உங்கள் லெட்டர்ஹெட்டில், உங்கள் கையெழுத்தோடு. மருந்து கலக்கும் அறையில் அப்போது பணியில் இருப்பவர், அவர் நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும், சந்தேகம் வந்தால் எந்தப் பையையும் நிறுத்தலாம். டாக்டரோ மேனேஜரோ அதை மாற்ற முடியாது. நிறுத்தியது பிற்பாடு தேவையில்லாததாகத் தெரிந்தாலும் அவர்மேல் நடவடிக்கை கிடையாது. வீணான பையின் விலை மருந்தகத்தின் கணக்கில் விழாது. அவ்வளவுதான் வாசகம். அதை ஃபிரேம் போட்டுக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டாம். பை வெளியே போகும் ஜன்னலுக்குப் பக்கத்தில், போன் இருக்கும் இடத்தில், போனை எடுத்துப் பேசும்போது கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள்.

அப்புறம், ஏஹெச்யு ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று இன்றைக்கே உங்கள் எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிடுங்கள். மே மாதம் வருகிறது.

இப்படிக்கு,
ஒரு மருத்துவமனை மருந்தாளுநர்